தறிக்காரர் களம்

"விவசாயம் தெரியாதவங்க எதுக்குப்பா இங்க வந்தாங்க?"

வசுந்தரா சிறுமியாக இருந்தபோது, சமயநல்லூருக்கு அப்பால் கூரை விழுந்த வீடுகளுக்கு நடுவே நின்று கேட்டாள். வயிற்றுக்காக, என்று மட்டும் சொன்னார் அவளுடைய அப்பா நாகசுப்பிரமணியன்.

நூல் கிடைக்காமல் மதுரைத் தறிகள் நின்ற காலத்தில், வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் சில நெசவுக் குடும்பங்கள் அங்கே நிலம் வாங்கிக் குடியேறின. அவருடைய அப்பாவும் ஒருவர். முதலில் பஜனை மடம் கட்டினார்கள், கிணறு பிறகுதான். மறுபடி நூல் வரத் தொடங்கியதும், தீபாவளி நெருங்கினால் அவர்களுக்குக் கால் நிற்காது. பிடுங்கிய கடலையைக் களத்தில் காயப்போட்டுவிட்டு மதுரைத் தறிக்கு ஓடுவார்கள். மழையும் அதே ஐப்பசியில்தான் வரும்.

ஒரு வருஷம் திரும்பி வந்தபோது களம் துடைத்துக் கிடந்தது. கடலை மழையோடு போய்விட்டது என்று நினைத்து மடத்தைத் திறந்தால், கடலை முழுதும் நனையாமல் உள்ளே இருந்தது. பக்கத்துக் காட்டுக்காரி சோணையம்மாள் ஒற்றை ஆளாகச் சுமந்து வைத்திருந்தாள். கூலி கொடுத்தும் வாங்கவில்லை. அந்த வருஷம் அவர்கள் பிழைத்தது அதனால்தான். பிறகு ஒவ்வொருவராக மதுரைக்கே திரும்பிவிட்டார்கள்.

இந்த ஐப்பசியில் வசுந்தராவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தன் அப்பாவின் பங்கு நிலத்தை விற்பதைத் தவிர நாகசுப்பிரமணியனுக்கு வழியில்லை. எல்லைக் கல்லைப் பார்த்துவிட்டு ஆறு மணிக்குள் மதுரையில் காளவாசலுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வேறு நிலத்தை முடித்துவிடுவேன் என்று பிளாட் போடும் வெங்கடேஷ்பாபு கறாராகச் சொல்லியிருந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் சோணையம்மாளே நின்றிருந்தாள், தலை நரைத்து. மகன் தவசியோடு சோழவந்தானுக்குத் துக்கம் கேட்கப் போகிறாளாம். ஆளை அடையாளம் கண்டதும் சிரித்தாள்.

"தறிக்காரவுக மகனா? நெலத்த விக்கப் போறீகளாம்ல. வித்துக்கங்க தம்பி. எங்க கடலைய மட்டும் இனி என் தலையிலயா காயப்போடுறது?"

அதற்குள் சோழவந்தான் பஸ் வர, தாயும் மகனும் ஏறிப் போனார்கள்.

நெசவுக் குடும்பங்கள் விட்டுப்போன களத்தில் சோணையம்மாளின் கடலை பரந்து கிடந்தது. அவர் புதருக்குள் எல்லைக் கல்லைக் கண்டுபிடித்து நிமிர்ந்தபோது வானம் கறுத்திருந்தது. மதுரைப் பஸ் வரும் நேரம்; அதை விட்டால் ஆறு மணிக்குள் காளவாசல் போய்ச் சேர முடியாது. சுற்றிலும் ஆள் நடமாட்டமே இல்லை.

அவர் சாலையைப் பார்த்து நாலு எட்டு வைத்தார். பிறகு திரும்பினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, களத்து ஓரம் கிடந்த சாக்கில் கடலையை அள்ளினார். ஒழுகாத கட்டடம் இன்னும் மடம் ஒன்றுதான். பாதி சுமந்திருக்கும்போது பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நின்று கேட்டுவிட்டு மறுபடி குனிந்தார்.

கடைசிச் சாக்கை உள்ளே இறக்கியபோது மழை பிடித்துக்கொண்டது. மடத்துக் கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, நனைந்தபடியே சமயநல்லூரைப் பார்த்து நடந்தார்.