செம்மறி விழாவில் ஒரு நன்றியுரை

தன் பெயரை மட்டும் மேடையில் சொல்லிவிட வேண்டாம் என்று சீமோன் தியாகலிங்கத்தாரிடம் மூன்று தரம் கேட்டான். முதல் தரம் ஃபோனில். இரண்டாம் தரம், வெள்ளிக்கிழமை இறைச்சிப் பையை அவருடைய வான் வண்டிக்குள் ஏற்றிவிடும்போது. மூன்றாம் தரம் விழா நாளன்று, அவர் மேடைக்குப் போகிற வழியில் மறித்து, காலைப் பிடிக்காத குறையாக. மூன்று தரமும் அவர் இவன் தோளில் தட்டி, "விளங்குது, விளங்குது" என்றார். அவருக்கு விளங்கியது வேறு.

ரொறன்ரோவில் பத்து வருடமாக மேடை ஏறி இறங்கியவர் அவர். "என்ர பேரைச் சொல்ல வேண்டாம்" என்று சொல்லாத தமிழன் ஒருவனையும் அவர் இந்த ஊரில் கண்டதில்லை. மண்டப வாசலில் பிளாஸ்ரிக் வாழைமரம் கட்டியவன் சொல்லுவான். சவுண்ட் பொக்ஸ் தூக்கியவன் சொல்லுவான். அதை நம்பிப் பெயரை விட்டாரோ, அடுத்த நாள் விடிய ஃபோன் அலறும். நூற்றைம்பது வடை சுட்டுக் கொடுத்த அருள்நாயகி அன்ரி, "எனக்கென்னத்துக்குத் தம்பி பேரும் புகழும்" என்று கையை ஆட்டியதை மெய்யென்று எடுத்துக்கொண்டு, அவவை நன்றியுரையில் சேர்க்காமல் விட்ட பாவத்துக்கு, இரண்டு வருடமாக அவ அவரைக் கோயிலில் கண்டால் சாமியின் பக்கம் திரும்பிவிடுகிறா. அன்றிலிருந்து தியாகலிங்கத்தார் ஒரு கணக்கு வைத்திருந்தார்: ஒரு தரம் வேண்டாம் என்றவனுக்கு நன்றி, இரண்டு தரம் என்றால் கைதட்டல், மூன்று தரம் என்றால் பொன்னாடை.

சீமோனுக்குப் பொன்னாடை தேவைப்படவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு கடிதம்.

மன்னாரிலிருந்து அவன் வந்து நான்கு வருடம். மனைவி செலீனும் மகள் மெலனியும் மடுவில், அகதி முகாமில், நாலு தடிக்கும் ஒரு தரப்பாளுக்கும் கீழே இருந்தார்கள். ஸ்பொன்சர் படிவமெல்லாம் நிரப்பியாகிவிட்டது. லோயர் கடைசியாகக் கேட்டது, இந்த ஆள் எங்களிடம் நிரந்தரமாக வேலை செய்கிறார் என்று முதலாளி கையெழுத்து வைத்த ஒரு பக்கம். விழா முடிந்த திங்கட்கிழமை தருகிறேன் என்று முதலாளி ஹார்க்னெஸ் வாக்குக் கொடுத்திருந்தார். அவருடைய மனைவி டொறத்தி அதை ரைப் அடித்தும் வைத்துவிட்டா; சீமோன் தன் கண்ணால் கண்டான். 'பண்ணைப் பராமரிப்பு உதவியாளர்' என்று அதில் இருந்தது. அவன் செய்த வேலை அது இல்லை. செய்த வேலையை யாரும் ஒரு கடிதத்திலும் எழுதமாட்டார்கள்.

மார்க்கம் நகரத்துக்கு வடக்கே, காரில் அரை மணித்தியாலம் போனால் ஹார்க்னெஸ் குடும்பப் பண்ணை. முன்வாசல் கேற்றில் 'ஐந்தாம் தலைமுறை' என்று செதுக்கிய பலகை. அதற்குக் கீழே, இங்கே ஆடுகள் கம்பளிக்காக மட்டுமே அன்போடு வளர்க்கப்படுகின்றன என்று இன்னொரு பலகை. ஒவ்வொரு பட்டியிலும் ஆட்டின் பெயர் எழுதித் தொங்கும்: மார்கரெற், வினிஃபிரெட், ஓல்ட் ஜோர்ஜ். கம்பளி விற்று ஐந்தாம் தலைமுறைக்கு அடுப்பெரியவில்லை என்பது பின் கேற்றுக்குத்தான் தெரியும். கம்பளி சாக்குச் சாக்காகக் களஞ்சியத்தில் பூச்சி அரித்துக் கிடந்தது. பின் கேற்றுக்கு உள்ளே ஒரு கொட்டில். வெள்ளிக்கிழமைகளில் சீமோன் அங்கேதான் இருந்தான். வெக்ஸ்போர்ட்டிலிருந்தும் மிசிசாகாவிலிருந்தும் வான்கள் வந்து வரிசையில் நிற்கும். ஒரு கிடாயை எட்டு வீட்டுக்குப் பங்கு போடவேண்டும். ஈரலும் குடலும் எலும்பும் எட்டுப் பையிலும் ஒரே மாதிரி விழவேண்டும். ஒரு பையில் ஈரல் ஒரு துண்டு கூடினால் ஒரு ஊரே சண்டைக்கு வரும். சீமோனுடைய பங்கில் ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை.

வேலை முடிந்ததும், வெறுமையான பட்டியிலிருந்த பெயர்ப் பலகையைக் கழற்றி, புதிதாக வந்த ஆட்டின் பட்டியில் மாட்டுவதும் அவன் பொறுப்பு. மார்கரெற் மூன்று தரம் செத்தது அவனுக்குத் தெரியும். நாலாவது மார்கரெற்றைத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கொஞ்சிவிட்டுப் போனார்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு செப்டெம்பரில் டொறத்தி செம்மறி-கம்பளி விழா எடுத்தா. ஐந்து தலைமுறையாக நடக்கும் விழா என்று துண்டுப்பிரசுரம் சொன்னது. நடந்தது அதுதான் முதல் தரம். பண்ணைக் கடையில் விற்கிற கம்பளிச் சட்டைகளின் கழுத்திலிருந்து 'நியூசிலாந்து' என்ற லேபலைப் பிரித்தெடுக்கும் வேலை விழாவுக்கு முதல் வாரம் முழுக்க சீமோனுக்கு. கூர்க்கத்தி பழகிய கை என்பதால் ஒரு சட்டையிலும் நூல் பிரியவில்லை என்று டொறத்தி மெச்சினா. விழாவன்று பின் கேற்றுக்குப் பூட்டு. சீமோன் சுத்தமான சேர்ட் போட்டுக்கொண்டு வந்து வைக்கோல் தூக்கலாம். யாராவது கேட்டால் ஆட்டுக்குத் தீன் வைக்கிறவன் என்று சொல்லவேண்டும். அதற்குமேல் ஒரு சொல் கூடாது. கடிதத்தைப் பற்றி அவ ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது.

நகரசபை உதவி கிடைக்கவேண்டுமென்றால் மேடையில் பல இனமும் தெரியவேண்டும் என்று யாரோ டொறத்திக்குச் சொல்லிவிட்டார்கள். அவவுக்குத் தெரிந்த இனத் தலைவர் ஒருவர்தான். பின் கேற்றில் பை வாங்க வரும்போதெல்லாம் தன்னுடைய கார்ட்டை நீட்டுகிறவர். வட அமெரிக்கத் தமிழ்ப் பண்பாட்டு ஒருங்கிணைப்புப் பேரவையின் நிறுவுனர்-தலைவர், சமூகஜோதி தியாகலிங்கம் என்று அதில் இருந்தது. பேரவையில் ஏழு பேர். மூன்று பேர் அவருடைய வீட்டிலேயே இருந்தார்கள். அவர் ஊரில் தபாற் கந்தோரில் முத்திரை விற்றவர். சமூகஜோதிப் பட்டத்தைக் கொடுத்ததும் பேரவைதான். மூன்று நிமிடம் வாழ்த்துச் சொன்னால் போதும் என்று டொறத்தி எழுதியிருந்தா. அவர் ஒன்பது பக்கம் எழுதிக்கொண்டு, பட்டு வேட்டி சால்வையோடு, மீதி ஆறு பேரையும் வானில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

மேடைக்கு முதல் எல்லாரும் பட்டிகளைச் சுற்றிப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர் ஆட்டின் முகத்தைப் பார்த்தார்கள். பேரவைக்காரர் முதுகை அமத்திப் பார்த்தார்கள். ஓல்ட் ஜோர்ஜின் பின்தொடையைப் பிடித்துவிட்டுச் செயலாளர், "இவன் பத்துப் பங்கு வருவான்" என்றார். நல்ல காலம், தமிழில்.

மேடைக்கு முன்னால் நானூறு பேர் இருக்கும். நூல் நூற்கிற சங்கத்துப் பெண்கள் இராட்டினங்களோடு முன்வரிசையில்; அதில் பாதிப்பேர் முட்டையும் தின்னாதவர்கள். ஆட்டுக்குட்டியை மடியில் வைத்தபடி பிள்ளைகள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரி ஒருத்தி. சுகாதாரப் பகுதியில் வேலை செய்கிற ஒருவர், வேலையாக இல்லை, மனைவிக்குக் கையுறை வாங்க வந்திருந்தார்.

தியாகலிங்கத்தார் முதலில் ஹார்க்னெஸுக்குப் பொன்னாடை போர்த்தினார். முன்வரிசைப் பெண் ஒருத்தி அதன் கரையை விரலால் உருட்டிப் பார்த்து, இது என்ன நார் என்று கேட்டா. மிக உயர்ந்த நார் என்று அவர் விளக்கினார். பொலியெஸ்ரரைக் கம்பளி விழாவில் கழுத்தில் போட்டுக்கொண்டு ஹார்க்னெஸ் பல்லைக் காட்டினார். பிறகு சங்ககாலத்தில் தொடங்கி, முல்லை நிலத்து ஆயர்கள் வழியாக, கனடாவுக்கு அவர் வந்து சேர ஆறு பக்கம் போயிற்று. ஏழாம் பக்கத்தில் நன்றி தொடங்கியது. மேயருக்கு நன்றி, மேயர் அங்கே இல்லை. மழை பெய்யாததற்கு இறைவனுக்கு நன்றி. கொட்டகை கட்டியவர்களுக்கு, கோப்பி ஊற்றியவர்களுக்கு. சீமோன் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான். நன்றிச் சங்கிலி தன்னிடம் வராமல் எங்காவது அறுந்துபோகவேண்டும் என்று மடு மாதாவை மன்றாடினான்.

அறவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, தியாகலிங்கத்தார் தன்னுடைய திருத்தமான ஆங்கிலத்தில், ஒரு சொல்லும் தப்பாமல் சொன்னார்:

"கடைசியாக, தன் பெயரைச் சொல்லவேண்டாம் என்று மூன்று முறை என்னைக் கெஞ்சிய ஒரு எளிய மனிதர். வெள்ளிக்கிழமை தோறும் இந்தப் பண்ணையின் பின்கொட்டிலில், தன் கையாலேயே இந்த அருமையான ஆடுகளை வெட்டி, எங்கள் சமூகத்தின் முந்நூறு குடும்பங்களுக்குப் பங்கு பிரித்துத் தருகிற திரு. சீமோன் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்."

பேரவைக்காரர் ஆறு பேரும் கைதட்டினார்கள். வேறு ஒரு சத்தமும் இல்லை. இராட்டினங்கள் நின்றுவிட்டன. கையுறைக்காரர் தன் பொதியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சட்டைப்பைக்குள் பேனையைத் தேடினார். ஒரு சின்னப் பெண் தாயிடம் என்னவோ கேட்டாள். தாய் அவளுடைய மடியிலிருந்த குட்டியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டா.

செயலாளர் சீமோனைக் கண்டுபிடித்துக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கூச்சப்படுகிறான் என்று பேரவைக்காரர் நினைத்தார்கள். இரண்டாவது பொன்னாடை அவன் தோளில் விழுந்தது. பத்திரிகைக்காரி படம் எடுத்தாள்.

ஹார்க்னெஸ் மைக்கை வாங்கினார். ஐந்து தலைமுறையில் வந்த நிதானம் அந்தக் குரலில் இருந்தது. எங்கள் விருந்தாளிக்கு ஏதோ பெரிய தவறான எண்ணம் ஏற்பட்டிருக்கிறது என்றார். இங்கே எந்த ஆடும் வெட்டப்படுவதில்லை. இந்த மனிதர், இங்கே அவர் சீமோனைத் திரும்பிப் பார்த்தார், முகத்தை நினைவுபடுத்தப் பார்க்கிறவரைப் போல, இந்த மனிதர் இன்றைக்கு வைக்கோல் தூக்க வந்தவர். இவர் எங்களிடம் வேலை செய்பவரல்ல. ஒருநாளும் வேலை செய்ததும் இல்லை.

இப்போதுதான் நானூறு பேரும் கைதட்டினார்கள்.

பின்னேரம், சனம் கலைந்த பிறகு, சீமோன் வீட்டின் சமையலறை வாசலுக்குப் போனான். டொறத்தி அவனை உள்ளே கூப்பிடவில்லை, கதவையும் சாத்தவில்லை. கோபமாகவும் இல்லை. அதுதான் அவனைப் பயப்படுத்தியது. நானூறு பேருக்கு முன்னால், பத்திரிகைக்காரிக்கு முன்னால், என் கணவர் இல்லையென்று சொன்னதை நான் கடிதத்தில் ஆம் என்று எப்படி எழுதுவது, நீயே சொல் என்று கேட்டா. நான்கு வருடம், என்றான் சீமோன். தெரியும், என்றா அவ. அதனால்தான் இவ்வளவு மனவருத்தமாக இருக்கிறது என்றா. மனவருத்தத்தை வாசலிலேயே முடித்துக்கொண்டு, முன்கேற் பூட்டமுன் வெளியே போய்விடச் சொன்னா.

திரும்பி வர அவனுக்கு வேறு வாகனம் இல்லை. தியாகலிங்கத்தாரின் வானின் கடைசிச் சீற்றில் ஏறினான். வெள்ளைக்காரருடைய மரியாதைக் குறைவைப் பற்றி மார்க்கம் வரும்வரை கதை. ஒன்பது பக்கம் பேசியவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்கவில்லை என்பது பெரிய குற்றமாயிருந்தது. கென்னடி ரோட்டில் இறங்கும்போதுதான் சீமோன் வாயைத் திறந்தான்.

"அண்ணை, நான் மூண்டு தரம் சொன்னனான்."

"ஓம். அதுதானே மூண்டாவது முறை பொன்னாடையே போட்டனான்."

"கடிதம் கைவிட்டுப் போட்டுது. செலீனும் பிள்ளையும் இனி எப்பிடி வாறது?"

தியாகலிங்கத்தார் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அவர் கெட்ட மனிதர் இல்லை. "உம்மட பிழை தம்பி," என்றார் கடைசியில். "வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கும் ஒரு விதம் இருக்கு. எல்லாரும் சொல்லுற மாதிரிச் சொன்னால் நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பேரவைக் கடிதத் தலைப்பில நான் ஒண்டு தாறன். ரெண்டு பக்கம் தாறன்."

தந்தார். லோயர் அதை ஒருமுறை வாசித்துவிட்டு, கோப்பில் வைக்காமல் அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

கையுறைக்காரர் அடுத்த கிழமை பண்ணைக்கு வேலையாகப் போனார். கொட்டில் கழுவித் துடைத்து, கம்பளிச் சாக்குகள் அடுக்கியிருந்தது. மூன்று கிழமை வான்கள் வரவில்லை. நாலாம் கிழமை வந்தன, தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. இது ஒன்றும் சீமோனுக்குத் தெரியாது. அவன் வெக்ஸ்போர்ட் பேஸ்மன்றில், ஒரு ஃபக்ரறி இரண்டு நாள் கூப்பிட்டு மூன்று நாள் கூப்பிடாமல் விடுகிற வேலையில் இருந்தான். செலீனுக்குக் கடிதம் எழுதத் தொடங்கி, விழா என்று ஒன்று நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியாமல் நிறுத்தி வைத்திருந்தான்.

ஒக்டோபர் கடைசியில் தியாகலிங்கத்தார் சீமோனுக்கு ஃபோன் எடுத்தார். பின் கேற் திறந்தாயிற்று என்ற நல்ல செய்தியைச் சொன்னார். புதுப் பெடியன் கஸ்பர், மன்னாரில் பேசாலைப் பக்கம், தான்தான் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. நல்ல பெடியன், ஆனால் கை பழகவில்லை. போன கிழமை அருள்நாயகி அன்ரியின் பையில் ஈரலே இல்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவ தனக்கு ஃபோன் எடுத்ததே அதற்காகத்தான். சீமோன் ஒரு வெள்ளிக்கிழமை சும்மா வந்து நின்று பங்கு போடுகிற முறையைக் காட்டிவிட்டால், தீபாவளிக்கு ஒரு குழப்பமும் வராது. ஹார்க்னெஸ் கண்டும் காணாத மாதிரி இருப்பார், அதையும் பேசியாகிவிட்டது.

சீமோன் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"கஸ்பருக்கு ஆரும் ஊரில இருக்கினமோ?"

"மனுசி. அதுவும் மடுவிலதான் எண்டு கேள்வி."

"கடிதம்?"

"அதெல்லாம் முதல் நாளே கையெழுத்து வாங்கிப்போட்டன்," என்றார் தியாகலிங்கத்தார். குரலில் பெருமை வழிந்தது. "உம்மட விசயத்தில பட்ட அனுபவம் வீணாப் போகவிடுவனே? கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பெடியனைக் கத்தியைத் தொட விட்டனான்."

"நல்ல காரியம் அண்ணை," என்றான் சீமோன். அதை அவன் மனதாரத்தான் சொன்னான். மேலே வீட்டுக்காரரின் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கூரையில் கேட்டது. ஃபோன் வயரை விரலில் சுற்றினான், அவிழ்த்தான்.

"வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு?" என்று கேட்டான். "என்னை ஆர் வந்து ஏத்துறது?"