பல்லச்சு

டியூபா ஊதுகிறவர்கள் கதவை முதுகால்தான் திறப்பார்கள். பித்தளையாலான அந்தப் பெரிய உடம்பை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அந்த வியாழக்கிழமை பின்னேரம் ஜெரமியும் அப்படித்தான் வந்தான். நல்ல மனுசன், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவன், நிறை மட்டும் நூறு கிலோவுக்கு மேல். இசைக்கல்லூரியின் பயிற்சி அறைகள் ஒவ்வொன்றும் குளியலறை அளவு. உள்ளே கீர்த்தனன் தன் மாணவி ஒருத்திக்கு நீண்ட சுரம் ஒன்றை ஊதிக் காட்டிக்கொண்டிருந்தான். கண்ணை வேறு மூடியிருந்தான். டிரம்பெட்டின் விரிந்த வாய் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கதவு டிரம்பெட்டை இடித்தது, டிரம்பெட் பல்லை இடித்தது.

முதலில் வலிக்கவில்லை. நாக்கு போய்த் தேடிப் பார்த்தது, வழக்கமாக இருப்பது அங்கே இல்லை. கையில் துப்பினான். இரத்தத்தோடு மூன்று துண்டுகள் விழுந்தன. மாணவி கத்தினாள். ஜெரமி டியூபாவைக் கட்டிப்பிடித்தபடியே நிலத்தில் உட்கார்ந்து, உன்னைக் கொன்றுவிட்டேன், உன்னைக் கொன்றுவிட்டேன் என்று பிரெஞ்சில் அரற்றினான். வெளியாள் யாராவது கேட்டிருந்தால் ஒரு பல்லுக்கு இந்தப் பாடா என்று சிரித்திருப்பார்கள். ஜெரமி கூட்டிச் சொல்லவில்லை என்பது ஊதுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

டிரம்பெட்டை ஊதுவது உதடு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அந்த உதடு சாய்ந்து நிற்கிற சுவர் பல். கீர்த்தனனுக்கு மேல்வரிசையில், இப்போது உடைந்துபோன இடது முன்பல் பக்கத்துப் பல்லின்மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். பள்ளிக்கூடத்தில் அதற்காகக் கேலி வாங்கியிருக்கிறான். ஆனால் அந்தக் கோணலுக்குக் கீழே கிடந்த கடுகளவு இடைவெளியால்தான் அவனுடைய காற்று போனது. பத்து வயதிலிருந்து அவன் உதடு அந்தக் கோணலோடு குடும்பம் நடத்திப் பழகியிருந்தது. அழகான நேர்ப்பல் ஒன்றைக் கட்டிவிட்டால் பேசலாம், சிரிக்கலாம், முறுக்குக் கடிக்கலாம். ஊத முடியாது. அதுவும் எந்த நேரத்தில்! வருடத்துக்கு வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே வந்தவர்கள், அவன் படிப்பிக்கும் பதவியை இப்போதுதான் நிரந்தரமாக்கி விளம்பரம் போட்டிருந்தார்கள். இன்னும் மூன்று கிழமையில் நடுவர்களுக்கு முன்னால் பாடமும் நடத்த வேண்டும், ஊதியும் காட்ட வேண்டும். ஊதாத வாத்தியாரை எந்தக் கல்லூரியும் வைத்திருக்காது.

அடுத்த நாள் காலையில், பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், பலசரக்குக் கடைக்கு மேலே இருக்கும் பல்வைத்தியர் எமிலிடம் போனான். எமில் புதுச்சேரிக்காரர். வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"வேர் வரைக்கும் போயிடுச்சு மெஸ்யே. எடுத்துட்டுப் புதுசா வைக்கணும். பல்லு வைக்கிறது பெரிய வேலை இல்ல. ஆனா அதே பல்லு வேணும்னா, பழசு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். மூலாஜ் எதுனா எடுத்து வச்சிருக்கீங்களா?"

அச்சைத்தான் கேட்டார். பித்தளை வாத்தியம் ஊதுகிறவர்களிடம் அப்படியொரு வழக்கம் உண்டு. பல் நன்றாக இருக்கும் காலத்திலேயே பிளாஸ்டரில் அச்செடுத்துப் பெட்டியில் போட்டு வைப்பார்கள். நாளைக்கு ஏதும் ஆகிவிட்டால் அதைப் பார்த்து மயிரிழை பிசகாமல் செய்துகொள்ளலாம். கீர்த்தனன் மாணவனாக இருந்தபோது அவனுடைய வாத்தியார் பிடரியைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி அதை எடுப்பித்திருந்தார்.

"இருக்கு," என்றான். சொல்லோடு காற்றும் சேர்ந்து வெளியே போனது.

"அப்புறம் என்ன கவலை? திங்கக்கெழம எடுத்துட்டு வாங்க. ஒரு மணி நேரம் குடுங்க, மெஷின்ல படம் புடிச்சுட்டுத் திருப்பித் தந்துடறேன். அது இல்லாம போட்டோவப் பாத்துச் செஞ்சா, பாக்க அதே மாதிரி இருக்கும். ஊத முடியுமான்னு என்னைக் கேக்காதீங்க."

வைத்தியரின் வாசலிலேயே நின்று அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தான். அவனும் மனைவி மிருணாளினியும் கல்யாணத்துக்குப் பிறகு நகருக்கு வெளியே செவ்ரானுக்குப் போய்விட்டார்கள். அவனுடைய பழைய சாமான்கள் எல்லாம் அதே லா சப்பலில், நாலு தெரு தள்ளி இருந்த அம்மாவின் வீட்டு அலுமாரியில்தான் கிடந்தன.

"அம்மா, அலுமாரியிலை மேல்தட்டிலை ஒரு சின்ன நீலப் பெட்டி இருக்கும். பாத்தனீங்களே?"



"ஓம். இருக்கு," என்றாள் கலாவதி. "நாளைக்கு வெள்ளன வா. வேட்டியோடை வா."

அப்பாவின் திவசமாக இருக்கும் என்று நினைத்தான். திகதி அவனுக்கு எப்போதும் நினைவில் நிற்பதில்லை. திவசமும் ஆயிற்று, பெட்டியும் ஆயிற்று என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது வீடு முழுக்கச் சாம்பிராணி. நிலத்தில் பாய் விரித்து ஐயர் உட்கார்ந்திருந்தார். சுவரில் அப்பா மகேந்திரராசாவின் படத்துக்குப் பக்கத்தில் இருந்த அண்ணன் வாகீசனின் படத்தில் மாலை போட்டிருந்தது. கீர்த்தனன் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றான்.

அந்தப் படத்துக்கு அம்மா யாரையும் மாலை போட விட்டதில்லை. ஒன்பது வயதில் கீர்த்தனன் அம்மாவோடு பாரிசுக்கு வந்தபோது, பரீட்சை முடித்துவிட்டு வருவான் என்று ஊரில் மாமா வீட்டில் விட்டுவந்த பிள்ளை வாகீசன். பரீட்சை முடிந்தது, யுத்தத்தில் பாதை பூட்டியது, அவன் வரவேயில்லை. யுத்தத்தின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு முகாமில் கண்டதாக இன்னொருவர் சொன்னார். அம்மா இரண்டாவது ஆளையே பிடித்துக்கொண்டாள். ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் மறித்து மறித்துக் கேட்டாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வாகீசனுக்கு ஒரு சேர்ட் வாங்கினாள். வயது போகப்போக வயிறு வைக்கும் என்று அளவைக் கூட்டிக் கூட்டி வாங்கினாள். அந்தச் சேர்ட்டுகள் எல்லாம் இப்போது ஒரு பையில், ஐயருக்குத் தானம் கொடுப்பதற்காக, கதவோரம் இருந்தன.

"வாயிலை என்ன?" என்றாள் அம்மா.

"கதவு அடிபட்டது. ஒரு பல்லுப் போயிட்டுது."

"அது கட்டலாம். அப்பாவுக்கும் இஞ்சைதானே கட்டினது. நீ இதிலை வந்து இரு."

உட்கார்ந்தான். ஐயருக்கு முன்னால் சின்ன மண்பானை ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் வாழையிலையில், மஞ்சளும் சந்தனமும் பூசி, துளசி வைத்து, அவனுடைய பல்லின் அச்சு.

"ஒரு மாசமா என்னட்டை இருக்கு," என்றாள் அம்மா. "அலுமாரி துடைக்கேக்கை அம்பிட்டது. எங்கடை பேர் எழுதியிருக்கு. அந்த வருசமும் எழுதியிருக்கு. நீ ஏன் மறைச்சனி எண்டு நான் கேக்கமாட்டன். நானெண்டாலும் மறைச்சிருப்பன்."

அவனுக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. பெட்டியில் பல்வைத்தியர் எழுதிவைத்தது குடும்பப்பெயர் மட்டும்: மகேந்திரராசா. இங்கே எல்லாப் பத்திரத்திலும் அதுதான் பெயர், இரண்டு பிள்ளைகளுக்கும் அதுதான் பெயர். பக்கத்தில் இரண்டாயிரத்து ஒன்பது. அச்செடுத்த வருடம். யுத்தம் முடிந்த வருடமும் அதுதான்.

"டிவியிலை அங்கை கிண்டுற எலும்பைக் காட்டேக்கை, பல்லை வச்சுத்தான் ஆளைப் பிடிக்கிறது எண்டு சொன்னவங்கள். உண்மைப் பல்லைத் தருவாங்களே? அச்சுத்தான் தந்திருப்பாங்கள். பேரில்லாமல் தந்திருந்தாலும் பெத்தவளுக்குத் தெரியாதே, இந்தக் கோணல் ஆரின்ரை எண்டு?"

அந்தக் கோணல் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒன்றுதான். அவளுக்கும் அது தெரியும். ஆனால் தம்பியின் பல் தம்பியின் வாயில் இருந்தது. உயிரோடு இருக்கிறவனின் பல்லை யாராவது அச்செடுத்துப் பெட்டியில் வைப்பார்களா?

"நேற்று நீ பெட்டியைக் கேட்ட உடனை விளங்கிச்சுது, உனக்கும் இனிப் பொறுக்கேலாமல் போச்சு எண்டு," என்றாள். பிறகு அவனுடைய தலையைத் தடவினாள். "இந்த மாசம்தான் தம்பி நான் நித்திரை கொண்டனான். விடிய எழும்பி, அட, நான் நித்திரை கொண்டிட்டன் எண்டு இருந்து அழுதனான்."

அம்மா, இது என்ரை பல்லு. நாலே சொல்லு. சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் எழுந்து படத்து மாலையைக் கழற்றுவாள். ஐயரிடமிருந்து சேர்ட்டுப் பையைத் திருப்பி வாங்குவாள். திங்கட்கிழமை கோயில் வாசலில் ஊரிலிருந்து வந்த யாரோ ஒருவரின் கையைப் பிடித்து மறுபடியும் கேட்கத் தொடங்குவாள். அறுபத்தெட்டு வயதில் அவளை அந்த இடத்துக்குத் திரும்ப அனுப்புவதற்கு ஒரு பிள்ளைக்கு எப்படி வாய் வரும்? ஊதுகிறவனுக்கு மூச்சுத்தான் தொழில். அந்த நாலு சொல்லுக்கு வேண்டிய மூச்சு அவனிடம் இருக்கவில்லை. கோபம் இருந்தது. யாரோடு கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

"அம்மா," என்றான் கடைசியில், "இதை ஒரு மணித்தியாலம் நான் கொண்டுபோயிட்டு வரட்டே? திங்கட்கிழமை செய்வமே?"

"எங்கை கொண்டுபோறாய்?" அவள் கை தன்பாட்டில் இலையை மறைத்தது. "திரும்பவும் அவனைப் பெட்டிக்குள்ளை போட்டுப் பூட்டப்போறியோ?"

"ஒன்பது மணிக்கு ராகுகாலம் துவங்குது தம்பி," என்றார் ஐயர், மணிக்கூட்டைப் பார்த்து. அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். "உடம்பு கிடைக்காத ஆக்களுக்குத் தர்ப்பையிலை உருச் செய்துதான் நாங்கள் கடமை முடிக்கிறது. உங்களுக்குப் பல்லெண்டாலும் கிடைச்சிருக்கு. பூசை பண்ணினதை வீட்டிலை வச்சிருக்கக்கூடாது. எடுத்துப் பானையிலை வையுங்கோ."

எடுத்தான். உள்ளங்கையில் அது பாரமாக இருந்தது. சந்தனத்துக்குக் கீழே அந்தப் பல் முழுசாக இருந்தது, இருபத்திரண்டு வயதில் இருந்த மாதிரியே. பெருவிரலை அதன் விளிம்பில் வைத்து அழுத்தினான். இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு என்று விரலுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தான். அம்மா விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனைத் தடவிக்கொடுக்கிறான் என்று நினைத்திருப்பாள். அவள் விம்மத் தொடங்கியதும் பானைக்குள் வைத்துவிட்டான். ஐயர் வெள்ளைத்துணியால் வாயைக் கட்டினார்.

ஐயருடைய காரில் சென்-டெனிப் பக்கம் போனார்கள். அங்கே செயின் நதிக்குப் படகு இறக்கும் சரிவு ஒன்று உண்டு. வழி முழுக்கப் பானை அவன் மடியில் இருந்தது. இரண்டு தடவை வாயைத் திறந்தான். இரண்டு தடவையும் அம்மா, "அழு தம்பி, அழு" என்றாள். அதற்கு மேல் என்ன செய்வது?

"முழங்காலளவு போதும்," என்றார் ஐயர் கரையில் நின்று. "விட்டிட்டுத் திரும்பிப் பாக்காமல் வரவேணும். அம்மா, நீங்கள் இப்பவே மற்றப்பக்கம் திரும்பி நில்லுங்கோ." சொல்லிவிட்டு, வழியை மறித்து நிறுத்தியிருந்த காரை எடுத்துவிடுவதற்காக மேலே ஓடினார்.

கலாவதி ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் வாயில் பொத்தியிருந்தாள். கீர்த்தனன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினான். மே மாதம் என்று பேர்தான், தண்ணீர் எலும்பைக் கடித்தது. பாசி காலை வழுக்கியது. குனிந்து பானையைத் தண்ணீரில் வைத்து, அண்ணாவின் முகத்தை நினைக்கப் பார்த்தான். படத்திலிருந்த முகம்தான் வந்தது. கையை எடுத்தான். பானை தாழவில்லை. மெல்லச் சுற்றிக்கொண்டு வெளியே போனது, ஒரு ஆள் தூரம், இரண்டு ஆள் தூரம். நடு ஆற்றில் மணல் ஏற்றிய கப்பல் ஒன்று பாலத்தை நோக்கிப் போனது. அதன் அலை வந்து கரையில் அடித்தது.

அலையோடு பானையும் வந்தது. வந்து அவனுடைய முழங்காலில் முட்டியது. கட்டியிருந்த துணி நனைந்து ஒரு பக்கம் இளகியிருந்தது, உள்ளே மஞ்சள் தெரிந்தது. ஐயரைக் காணவில்லை. அம்மாவின் முதுகு அசையவில்லை. யாரும் அவனைப் பார்க்கவில்லை.

இரண்டு கையையும் பானையில் வைத்தான்.

"தம்பி," என்றாள் அம்மா, திரும்பாமலே. "போயிட்டானோ?"

பல் இல்லாத இடத்தில் ஆற்றுக்காற்று குளிர்ந்தது.

"ஓம் அம்மா," என்றான். "போயிட்டார்."

கப்பலின் அடுத்த அலை வந்தது. பானை அவன் கைகளுக்கிடையில் ஒருமுறை ஏறித் தாழ்ந்தது.