பதினேழில் ஒரு பங்கு

எழுபத்தாறாம் வருஷம் ஜூலையில், மாமல்லபுரத்துப் பதருன்னிசா இரண்டு பஸ் மாறி, மதுராந்தகத்துப் பெண்கள் பள்ளி ஒன்றுக்கு நேர்காணலுக்குப் போனாள். கணக்கு டீச்சர் வேலை. இது அவளுக்கு நாலாவது நேர்காணல். முந்தைய மூன்றிலும் பதில் தெரிந்திருந்தும், எதிரே இருந்தவர் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டு வந்தவள். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

பக்கத்து அறையில் டீச்சர் இல்லாத எட்டாம் வகுப்பு கூரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தது.

பள்ளித் தாளாளர் ராமதாஸ் நெல் வியாபாரி. சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த கால்குலேட்டர் மேஜைமேல் இருந்தது. ஊரில் வேறு யாரிடமும் இல்லாததால் அது காட்டியதே தீர்ப்பு. ஐந்து எண்களைக் கொடுத்து, விகிதமுறு எண் எது, விகிதமுறா எண் எது என்று பிரிக்கச் சொன்னார். அவள் எழுதியதில் ஒன்றின்மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டார்.

“பதினேழுல ஒண்ணு விகிதமுறா எண்ணும்மா. இத்த பாரு. பாயின்ட் பூஜ்யம், அஞ்சு, எட்டு, எட்டு, ரெண்டு, மூணு, அஞ்சு. முடியவும் இல்ல, அதே வரிச திரும்பவும் இல்ல. மிஷினு பொய் சொல்லுமா?”

தலைமையாசிரியை ஞானம்மாள் ஜன்னலைப் பார்த்தார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? சம்பளம் கொடுக்கிறவரிடம் யார் சொல்வது?

‘சரிங்க சார்’ என்றால் வந்த வழியே போகலாம். பதருன்னிசா எழுந்தாள். நேராகக் கரும்பலகைக்குப் போனாள்.

“மிஷினு பொய் சொல்லல சார், அதுல எடம் பத்தல. பின்னமா எழுத முடிஞ்சாலே விகிதமுறு எண்தான். பதினேழால வகுத்தா மீதி ஒண்ணுலேந்து பதினாறுக்குள்ளதான் வரும். மீதியே இல்லன்னா கணக்கு முடிஞ்சிடும். முடியலன்னா, பதினாறு தபாக்குள்ள பழைய மீதி வந்தே ஆகணும். வராட்டி இப்டியே வூட்டுக்குப் போயிடறேன்.”

ஒன்றில் ஆரம்பித்து வகுக்கத் தொடங்கினாள். மீதி பத்து, பதினைந்து, பதினாலு, நாலு. கால்குலேட்டர் நின்ற இடம் தாண்டிப் போயிற்று. பன்னிரண்டாவது படியில் மீதி பதிமூன்று.

“இன்னாம்மா, வந்த மீதி திரும்ப வரலியே” என்றார் ராமதாஸ்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பதினைந்தாவது படியில் மீதி பன்னிரண்டு. அதுவரை மீதியாக வராத எண் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது எது என்று அவளுக்குத் தெரியும். சாக்பீஸை நிறுத்தினாள்.

“நூத்தி இருபதுல ஏழு தபா பதினேழு, நூத்திப் பத்தொம்பது. மீதி இன்னா சார்?”

“ஒண்ணு” என்றார் ராமதாஸ். சொன்ன பிறகுதான் பலகையின் உச்சியில் இருந்த ஒன்றைப் பார்த்தார்.

“அங்கதான் ஆரம்பிச்சோம். இனிமே திரும்பவும் பூஜ்யம், அஞ்சு, எட்டு, எட்டுதான்.”

அவர் எழுந்து வந்து பதினாறு இலக்கங்களையும் விரல்விட்டு எண்ணினார். திரும்பிப் போய், பெருக்கல் குறியை அடித்து டிக் போட்டார். பதருன்னிசாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்துவிட்டாள், அடக்கவும் இல்லை. ஞானம்மாளும் ஜன்னலை விட்டுத் திரும்பிச் சிரித்தார்.

“திங்கக்கெழம வந்து சேரும்மா.”

“எதுக்கு சார் திங்கக்கெழம? எட்டாங்கிளாஸ் இப்பவே கத்திகினு கீது” என்று சொல்லி, சாக்பீஸோடு பக்கத்து அறைக்குப் போனாள்.