பாதியில் எழுந்து போன சபை

மேடைப் பேச்சுப் பாடத்தை யுனிவர்சிட்டி ஏற்கவில்லை என்ற தகவல், நான் வேலை செய்யும் பழ ஷெட்டில் பீச் பழங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது ஃபோனில் வந்தது. நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று கையுறையைக் கழற்றிவிட்டுத் திரும்பப் படித்தேன். யுனிவர்சிட்டிக்கு மாறுவதற்காகக் கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்புகளில் சேர்த்த பொதுப்பாட கிரெடிட்டுகளில் மற்ற எல்லாம் செல்லும். இது மட்டும் செல்லாது. இது இல்லாவிட்டால், இந்த இலையுதிர் காலத்துக்கு அங்கே எனக்குக் கிடைத்திருந்த இடமும் போய்விடும்.

அந்தப் பாடத்தை மட்டும் நான் ஆன்லைனில் படித்தேன். அப்படிப் படிப்பவர்கள் குறைந்தது ஐந்து பெரியவர்களை எதிரில் உட்காரவைத்துப் பேசி, அதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். கேட்பவர்களை இணங்கவைக்கும் பேச்சாக இருக்க வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த பெரியவர்கள் எல்லாம் ஷெட்டில்தான் இருந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் சாயோ அக்காவையும் வரிசையில் வேலை செய்யும் மற்றப் பெண்களையும் உட்காரவைத்து, எங்கள் வரிசைக்கு மின்விசிறி ஏன் வேண்டும், அதை நாமே போய் ஏன் கேட்க வேண்டும் என்று பேசினேன். முடிவுரையை நன்றாகத் தயாரித்து வைத்திருந்தேன். அதற்கு நான் வருவதற்குள் சாயோ அக்கா, "இவ சொல்றது சரிதானடி, இன்னும் எதுக்கு உக்காந்திருக்கோம்?" என்று எழுந்துவிட்டாள். கடித்த டார்ட்டியா ரொட்டியைக் கையில் பிடித்தபடி எல்லாரும் அவள் பின்னால் மேற்பார்வையாளர் எஃப்ரெயினைத் தேடிப் போனார்கள். வீடியோவின் கடைசியில் காலி நாற்காலிகளுக்கு எதிரே நான் மட்டும் விழித்துக்கொண்டு நிற்கிறேன்.

காலேஜ் பேராசிரியை அதற்கு ஏ கிரேடு கொடுத்தார். யுனிவர்சிட்டியோ வீடியோவை வரவழைத்துப் பார்த்துவிட்டு, பேச்சு முடியும்வரை சபை இருக்கவில்லை, பாடத்தைத் திரும்பப் படிக்கவும் என்றது.

காலேஜ் ஆலோசகர் தாவ் மேல்முறையீட்டுக்கு ஏற்பாடு செய்தார். எதிர்த்துப் பேசாதே, என்ன கேட்டாலும் செய்துவிடு என்பது அவருடைய புத்திமதி. சாயோ அக்கா வேறு யோசனை சொன்னாள்: "அடுத்த தடவ எங்கள நாற்காலியோட சேத்துக் கட்டிப்போட்டுட்டுப் பேசுடி."

யுனிவர்சிட்டியின் மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர். தலைவர் ஹால்வர்சன் மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் பெண்கள் கேட்க வந்தவர்களா, சாப்பிட வந்தவர்களா என்று விசாரித்தார். இரண்டுக்கும்தான் என்றேன். பேச்சு பிடிக்காமல் எழுந்து போயிருக்கலாமே என்றார். எஃப்ரெயின் மறுவாரமே மின்விசிறி மாட்டியதைச் சொன்னேன். குரல் நடுங்கியது. பேச்சுப் பாடத்துக்காகப் போராட வந்தவளின் குரல் நடுங்கினால் எப்படி என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது.

ஹால்வர்சன் சாய்ந்து உட்கார்ந்தார். "சரி, யெசேனியா. அந்த முடிவுரைய மட்டும் இப்ப எங்க முன்னால பேசிடுங்க. இத்தோட முடிச்சிக்கலாம்."

முடிவுரை எனக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகாது. இலையுதிர் கால இடம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வாயைத் திறந்தேன். ஆனால் யாரை இணங்கவைக்க? அவர்கள்தான் அன்றைக்கே எழுந்து போய்விட்டார்களே.

"முடியாது சார்."

"ஏன்?"

"இப்ப பேசினா, அன்னைக்குப் பேசினது அரைகுறைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அது அரைகுறை இல்ல. எழுந்து போங்கன்னு சொல்லத்தான் பேசினேன். போனாங்க. கடைசி வரைக்கும் உக்காந்திருந்தாங்கன்னா, அப்ப நீங்க என்னை ஃபெயில் பண்ணியிருக்கலாம்."

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் நின்றபடி, தாவின் பேச்சைக் கேட்டிருக்கலாமோ, வீம்புக்கு ஒரு வருடத்தைத் தொலைத்துவிட்டேனோ என்று யோசித்தேன். எந்தப் பக்கம் கூட்டிப் பார்த்தாலும் கணக்கு எனக்கு எதிராகவே வந்தது. ஆனால் உள்ளே போய் அந்த முடிவுரையைச் சொல்லிவிடலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார்கள். ஹால்வர்சன் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"கிரெடிட் செல்லும். இவங்க ரெண்டு பேரும் சரின்னாங்க. நான் ஒத்துக்கல, அதையும் சொல்லிடறேன்."

நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். கால் வாசற்பக்கம் திரும்பியும்விட்டது.

"எந்த இடம் சார் உங்களுக்கு சரியாப் படல?" என்று கேட்டேன்.

அவர் என் ஃபைலை மூடினார். பிறகு அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொன்னார்.