வடக்கு பார்த்த மாடுகள்

மாடுகள் பெரும்பாலும் வடக்கு தெற்காகவே நிற்கின்றன, பூமியின் காந்தப்புலம் அவற்றுக்குத் தெரிகிறது என்று சில விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். நம்மூர் மாடுகளும் அப்படித்தானா என்று பார்ப்பதுதான் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். பல்லடம் பக்கத்தில் மாரக்காள் என்பவரின் பன்னிரண்டு மாடுகளை ஏப்ரல் முழுக்க மத்தியானத்தில் போய்ப் பார்த்து, எது எந்தத் திசையில் நிற்கிறது என்று எழுத வேண்டும்.

ஐந்து நாள் போனேன். பிறகு லீவுக்கு வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. மீதி இருபத்தைந்து நாளையும் டீ டைமில் உட்கார்ந்து நானே எழுதினேன். பெரும்பாலும் வடக்கு. நிஜம் போலிருக்க நடுநடுவே ஒரு கிழக்கு.

நோட்டைப் பார்த்து என் கைடு ஈஸ்வரமூர்த்தி சாருக்கு அப்படியொரு சந்தோஷம். "கருத்தரங்குல நீயே பேசு நித்யஸ்ரீ" என்றவர், அன்றைக்கே கட்டுரையை அனுப்பிவிட்டு, தானும் மாடுகளைப் பார்க்க வேண்டுமென்று மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

மேய்ச்சல் காடு காலியாகக் கிடந்தது.

"மாடெல்லாம் எங்கீங்க?" என்றார் சார்.

"புல்லு காஞ்சு போச்சுங்க. கொமரலிங்கத்துல எந்தம்பி தோட்டத்துக்கு ஓட்டி மூணு வாரமாச்சுங்க" என்ற மாரக்காள் என் முகத்தைப் பார்த்தார். சட்டென்று பேச்சை மாற்றினார். "இல்லீங்க, மூணு நாளுதான் இருக்கும். இந்தக் கண்ணு தெனமும் வந்துச்சுங்க. வேகாத வெயில்ல நின்னு எழுதுச்சுங்க, பாவம்."

சொல்லிவிட்டு மோர் கொண்டுவர உள்ளே போனார். எனக்குக் காது மடலெல்லாம் எரிந்தது.

"அவங்க எனக்காகப் பொய் சொல்றாங்க சார். மூணு வாரம்தான் நெசம். அஞ்சு நாளுக்கு மேல நான் வரவே இல்லீங்க."

சார் திட்டவில்லை. அங்கேயே போனை எடுத்து, "கட்டுரையை வாபஸ் வாங்கிக்கறேங்க. சரிபார்க்காம அனுப்பினது என் தப்புங்க" என்று யாரிடமோ சொன்னார். என் பெயரை அவர் சொல்லவே இல்லை. மாரக்காள் நீட்டிய மோரை நிமிர்ந்து பார்க்காமல் வாங்கினேன்.

ஜூனில் கொமரலிங்கம் போய் முப்பது நாளும் நின்று எழுதினேன். மாடுகள் நிழல் இருந்த பக்கம் நின்றன; காற்றடித்தால் முதுகைக் காட்டின. வடக்கு என்று எதுவும் தெரியவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

கடைசி நாள் மாரக்காளின் தம்பி சொன்னார்: "உங்களப் பத்தி அக்கா சொல்லுச்சுங்க. ரொம்ப நேர்மையான புள்ளைன்னு."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வேகமாக நடந்தேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.