இகெதானி வீட்டுத் துணியின் முகம்

அன்று கியோட்டோவின் நிஷிஜின் நெசவாளர் தெருவில், இகெதானி வீட்டுத் தறிக்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: ஏழாம் தலைமுறை முதலாளி சோபேய், அவர் மனைவி ஷிசுயே, மகன் நவோதகா, ஹோட்டல் சுவருக்குத் துணி தேடிக் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஹோல்ம் என்ற அம்மையார், தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் நுழைந்து நகராமல் நின்ற பக்கத்து வீட்டு நெசவு முதலாளி ஒகிதா. ஒகிதாவை யாரும் கூப்பிடவில்லை.

இகெதானி வீட்டில் ஜரிகைத் துணியின் முகம் தரையைப் பார்த்தபடிதான் நெய்யப்படும். தூசியும் விரல் வியர்வையும் அதில் படக்கூடாது. நெய்கிறவர் கீழே கண்ணாடி பிடித்துப் பூவேலையைச் சரிபார்ப்பார். மேலே தெரிவதெல்லாம் முடிச்சும் தொங்குநூலுமான முதுகு. அதை வெளியாளுக்குக் காட்டுவது உள்ளாடையை வாசல் கொடியில் காயப்போடுவதற்குச் சமம்.

கீழ்ப்பக்கத்து ஜரிகைக் கொக்குகளைக் காட்டச் சோபேய் கண்ணாடியை எடுப்பதற்குள் ஹோல்ம் தறிமேல் குனிந்துவிட்டார்.

"அப்பா, இதுதான் வேணுமாம்," என்றான் நவோதகா. அம்மையாரின் ஆங்கிலத்தை அவன்தான் பெயர்த்துச் சொன்னான்.

"கொக்குதானே? நல்ல கண்ணு."

"கொக்கு இல்லப்பா. முடிச்சு. மழை இறங்கற மாதிரி இருக்காம். ஹோட்டல் முழுக்க ஒட்டணுமாம்."

ஒகிதா இருமினார். "அப்போ கொக்கை எல்லாம் செவுத்துப் பக்கம் திருப்பி நிக்க வெச்சிடுவீங்களாண்ணே?"

பாதித் தறிகள் ஏற்கெனவே தூங்கின. இந்த வேலை போனால் குளிர்காலத்துக்குள் மீதியும் படுத்துவிடும். ஏற்றுக்கொண்டாலோ, முதுகைக் காட்டிப் பிழைத்த வீடு என்ற பெயர் வரும். சோபேய் நிமிர்ந்து உட்கார்ந்து, "நல்லா யோசிச்சுச் சொல்றோம்," என்றார். அதற்கு 'முடியாது' என்று பொருள். கியோட்டோவில் அது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நவோதகாவோ சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் சொல்லிவைத்தான்.

"யோசிங்க, இருக்கேன்னு சொல்றாங்கப்பா."

ஹோல்ம் முக்காலியில் உட்கார்ந்தேவிட்டார். சோபேய் மனைவியைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்தது. "சோத்துல தேநீர் ஊத்திக் கொண்டுவரட்டுமா?" என்று விருந்தாளியைக் கேட்டாள். எழுந்து போங்கள் என்பதை அந்த ஊரில் இதைவிட வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஹோல்ம் முகம் மலர்ந்து தலையாட்டினார். கேட்டுவிட்டுக் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஊறுகாயைக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டார்.

"ஏங்க, இவங்க போறதா இல்ல," என்று ஷிசுயே கிசுகிசுத்தாள். "நீங்க நெஜமாவே யோசிச்சுடுங்க."

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு யோசிக்க நேர்ந்தது சோபேய்க்கு அதுதான் முதல் தடவை. இரண்டாவது கிண்ணம் காலியாகும்போது வாய் திறந்தார்.

"நம்ம வீட்டு முத்திரை எந்தப் பக்கம் வருது?"

"முகத்துப் பக்கம்ப்பா."

"இனிமே முடிச்சுப் பக்கம் நெய்யச் சொல்லு."

"அப்போ..."

"அப்போ அதுதான்டா முகம். முத்திரை எங்கேயோ முகம் அங்கே."

முகம் என்று ஆனபின் அது தரையைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்? ஆகவே தறிகளில் எல்லாம் பாவு நூலைத் திருப்பிப் பூட்டினார்கள். இப்போது மேலே கொக்குகள் தகதகவென்று பறக்கின்றன. நெய்கிறவர்கள் அவற்றைப் பொருட்படுத்தாமல் கீழே கண்ணாடி பிடித்து முடிச்சுகளைச் சரிபார்க்கிறார்கள். தொங்குநூல் ஒழுங்காகத் தொங்கவில்லை என்று சோபேய் ஒரு சுருள் முழுவதையும் கழித்துக் கட்டினார்.

இகெதானி வீடு துணியின் பின்பக்கத்தை விற்றுப் பிழைப்பதாக ஒகிதா தெரு முழுக்கச் சொல்லித் திரிகிறார். அது பொய். பின்பக்கத்தில் இருப்பவை கொக்குகள். அவற்றை அந்த வீட்டில் வெளியாள் யாருக்கும் காட்டுவதில்லை.