பரணில் ஏறிய மாத்திரை

மாலை ஐந்து மணிக்குப் பூக்குழி. காலையில் லேசாக நமநமத்த முத்திருளனின் வலது கால் பெருவிரல், மூன்று மணிக்குள் செக்கச்செவேலென்று வீங்கிவிட்டது. வேட்டி நுனி பட்டாலே பல்லைக் கடிக்கிறான். அந்தக் காலோடுதான் தீயில் இறங்குவானாம்.

நேர்த்திக்கடனே அவன் பெண்டாட்டி ரோகிணிக்காகத்தான். போன வருஷம் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பிழைத்து வீடு வந்தால் பூக்குழி இறங்குவதாக அம்மனிடம் வேண்டிக்கொண்டான். அவள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள். கெட்டது அவன் கால்.

கோயில் வாசலில் பங்காளி சங்கிலிக்கு வாய் ஓயவில்லை.

"கறி தின்னவனுக்குத்தான் யூரிக் ஆசிட் ஏறும்னு ஊருக்கே தெரியும். காப்புக் கட்டிட்டு எங்க போயித் தின்னானோ. இவன இறக்குனா ஊருக்கு ஆகாது."

"நான் தொடலண்ணே. இறங்கிக் காட்டுறேன்" என்றான் முத்திருளன். கோயில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

அவன் எதை மறைக்கிறான் என்று ரோகிணிக்குத் தெரியும். யூரிக் ஆசிட்டுக்கு இரண்டு வருஷமாக ஒரு நாள் விடாமல் மாத்திரை போட்டவன் அவன். காப்புக் கட்டிய அன்று அவள்தான், "பதினஞ்சு நாளும் கறி இல்ல, மீனு இல்ல, சரக்கு இல்ல. அப்புறம் மாத்திரை எதுக்கு? சுத்தபத்தமா இருங்க" என்று அட்டையை எடுத்துப் பரணில் போட்டாள். அவனும் சரியென்று கேட்டுக்கொண்டான். ஒருவேளைச் சாப்பாட்டோடு கப்பலூர் கம்பெனியில் உலைக்கு முன்னால் நின்றான். தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை.

மரத்தடிக்குப் போய் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"கறி மட்டும்தான் காரணம்னு யாரும்மா சொன்னா?" என்றார் டாக்டர். "அவரு உடம்புல யூரிக் ஆசிட் சரியா வெளியேற மாட்டேங்குது. மூட்டுல போயி ஊசி ஊசியா உறையுது. மாத்திரைய நிறுத்துனா ஏறும். பட்டினி கிடந்து, தண்ணியும் கொறஞ்சா இன்னும் ஏறும். வலி இல்லாதப்பவும் தினம் போடணும்னுதான சொன்னேன்?"

"இப்பக் குடுக்கவா சார்?"

"நீங்களா ஆரம்பிக்காதீங்க. முதல்ல வீக்கத்துக்குப் பாக்கணும், கூட்டிட்டு வாங்க. அந்தக் கால ஊன விடாதீங்க."

ஊன விடக்கூடாதாம். குழியோ இருபது அடி நீளம். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பரணில் கைவிட்டு, டாக்டரிடம் காட்ட அட்டையை எடுத்துக்கொண்டு அவள் திரும்புவதற்குள் உறுமிச் சத்தம் ஏறிவிட்டது. முத்திருளன் தூணைப் பிடித்து எழுந்து நின்றான். முதல் அடியிலேயே முழங்கால் மடங்கியது. இரண்டாம் அடிக்கு அவன் உதட்டில் ரத்தம்.

வாயைத் திறந்தால் புருஷன் காலைக் கெடுத்தவள் என்று ஊர் காலத்துக்கும் பேசும். பேசட்டும் என்று போய்க் குறுக்கே நின்றாள்.

"இவரு கறி தின்னல. மாத்திரைய நிறுத்தச் சொன்னது நான். விரதத்துல எதுக்குன்னு நான்தான் எடுத்துப் பரண்ல போட்டேன். குத்தம் எம்மேல."

"ரோகிணி, பேசாம இரு" என்று அடிக்குரலில் அதட்டினான் முத்திருளன்.

பூசாரி கருப்பு அவள் கையிலிருந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தம் மடியிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்தார்.

"இது எனக்குப் பிரஷருக்கு. காப்புக் கட்டுன நாள்லருந்து ஒருவேளை விடல. மாத்திரைய விடச் சொல்லி ஆத்தா யார்கிட்டம்மா கேட்டா?"

அட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு முத்திருளன் பக்கம் திரும்பினார்.

"உக்காருப்பா. கால் சரியானதும் அடுத்த வருசம் இறங்கு. ஆத்தா இங்கனதான் இருப்பா."

சங்கிலி யார் முகத்தையும் பார்க்காமல் ஆட்டோ கூப்பிடப் போனான்.

ஆட்டோவில் ரோகிணி முத்திருளன் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். பின்னால் குலவைச் சத்தம் கேட்டது. அவன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஊரு முன்னால ஏன் சொன்ன? நான் தீயில விழுந்திருந்தாலும் உன்னயக் காட்டிக் குடுத்திருக்க மாட்டேன்" என்றான்.

"தெரியும்" என்றாள் ரோகிணி. "அதான் சொன்னேன்."